பாகு வாசனை டீ

டீ என்றால் டீ வாசனைதான் வர வேண்டும், கேக் வாசனை வரக்கூடாது என்று எங்கள் காலை நடைக் கோஷ்டி தீர்மானமே போட்டுவிட்டது. ஐந்து பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. எதிர்ப்பு அடியேன். "வயசான காலத்துல உனக்கு ஏன்யா இந்த வெள்ளைக்காரப் புத்தி?" என்று கேட்டார்கள். நடக்கும்போது மூச்சு வாங்குகிறதே, பதில் சொல்ல முடியவில்லை. இங்கே உட்கார்ந்து சாவகாசமாகச் சொல்கிறேன்.

மெல்போர்னில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது ஒரு தகர டப்பா கொண்டு வந்தாள். கறுப்புத் தேயிலை, அதில் கேரமல், வெனிலா வாசனை சேர்த்தது. 'டெசர்ட் டீ' என்று சொல்கிறார்களாம். சாப்பாடு முடிந்ததும் இனிப்பு சாப்பிட்டே பழகியவர்கள், உடம்பு பெருக்கிறதே என்று பயந்து, பலகாரத்தை விட்டுவிட்டு அதன் வாசனையை மட்டும் டீயில் ஏற்றிக் குடிக்கிறார்கள். இலங்கையின் டில்மாகூட கேரமல் டீ, ரோஜாவும் வெனிலாவும் சேர்ந்த டீ எல்லாம் விற்கிறது. நான் குடித்தது எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, விளம்பரம் ஆகிவிடும். விலையை மட்டும் சொல்கிறேன்: 100 கிராம், நம் பணத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. என் மனைவி இரண்டு நாள் அந்த டப்பாவைத் திறக்கவே விடவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். அளவு இல்லாமல் எதையும் செய்ய வராது. தேயிலையை ருசி பார்ப்பதற்கு என்றே ஒரு சர்வதேச அளவு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103, 1980-ல் வந்தது. 100 மில்லி கொதிக்கிற தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊற வேண்டும். அதன்படியே சமையலறைத் தராசை வைத்துப் போட்டேன். 6 நிமிடம் என்பது குற்றம் குறை கண்டுபிடிக்கிற ருசி நிபுணர்களுக்கான கணக்கு. நமக்கு வாய் துவர்த்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் 3 நிமிடத்தில் வடிகட்டினேன். அது சரியாக வந்தது. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது.

டம்ளரை மூக்கருகே கொண்டு போனதும் எனக்குத் தோன்றியது வெனிலா இல்லை, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அடுப்படியில் வருமே, அந்த வாசனை. மனைவியிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அதிரசம் தட்டின கையைக் கழுவாம டீ போட்ட மாதிரி இருக்கு" என்றாள். இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. பேத்தியோ கஸ்டர்ட் மாதிரி இருக்கிறது என்றாள். அவள் வளர்ந்த வீட்டில் அதிரசம் ஏது?

ஒரே டீ மூன்று பேருக்கு மூன்று விதமாக இனித்தது எப்படி? நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு, பிறகு இந்த 'உமாமி' என்கிற சங்கதி, இவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வெனிலா எசன்ஸை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள், கசக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்த வாசனையை ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் சர்க்கரையோடு சேர்த்தே அனுபவித்திருக்கிறோம் அல்லவா, அதனால் வாசனை வந்ததும் மூளை இனிப்பு வந்துவிட்டதாகக் கணக்கு எழுதிவிடுகிறது. நான் ஒரு சோதனை செய்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு: வெறும் துவர்ப்பு, கொஞ்சம் கசப்பு. விழுங்கியதும் மூக்கை விட்டேன்: பாகு! நீங்களும் செய்து பாருங்கள், ஏலக்காய் டீயிலேயே செய்யலாம்.

இன்னொன்று. தேயிலை ருசி பார்ப்பவர்கள் 'சுர்ர்' என்று சத்தமாக உறிஞ்சித்தான் குடிப்பார்கள். காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். நாம் உறிஞ்சிக் குடித்தால் மட்டும் நாகரிகம் தெரியாதவன் என்று பிள்ளைகள் முறைக்கிறார்கள்.

கோஷ்டியின் வாதத்துக்கு வருகிறேன். "இது ஏமாத்து வேலை. இல்லாத இனிப்பை இருக்கறதா காட்டறாங்க" என்றார் ஒருவர். ஏமாற்று என்றால் எது ஏமாற்று என்று கொஞ்சம் பார்ப்போமே.

மில்லில் நாங்கள் குடித்த டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்டுக்கு நுழையும் முன் ஜி.என்.டி. ரோட்டுக் கடையில் ஒன்று, உள்ளே இரண்டு, மதியம் ஒன்று, ஓவர்டைம் இருந்தால் ஒன்று, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று. ஆறு க்ளாஸ் என்பது எங்களுக்குச் சாதாரணம். பழுக்கக் காய்ந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு டீ என்பது பானமா? சாப்பாடு. டீயும் ஒரு பன்னும் இருந்தால் காலை முடிந்தது. இன்றைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அதே சிப்காட்டில் வேலை செய்கிற பையன்களைப் பார்க்கிறேன், அவர்களுக்கும் அதே டீ, அதே பன்.

டீ மாஸ்டர் க்ளாஸில் முதலில் போடுவது சர்க்கரை. நம்ம ஊர் ஸ்பூனில் இரண்டு என்றால் சுமார் 10 கிராம். ஆறு க்ளாஸுக்கு 60 கிராம். மாதம் 25 நாள் வேலை என்றால் ஒன்றரைக் கிலோ, வருஷத்துக்கு 18 கிலோ. 30 வருஷ சர்வீஸில் 540 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாக அடுக்கினால் கிட்டத்தட்ட 11 மூட்டை! இது டீயில் மட்டும். கல்யாண வீட்டு ஜாங்கிரியும் தீபாவளியும் இந்தக் கணக்கில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு, இப்படிச் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது.

அந்த வயதில் அந்தச் சூட்டில் அது எரிந்து போனது, உண்மைதான். அதனால் சர்க்கரையை வில்லனாக்க எனக்கு மனசில்லை. ஆனால் 58 வயதில் உழைப்பு நின்றது, க்ளாஸ் நிற்கவில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். எங்கள் ரிட்டயர்டு ஆட்கள் கூடுகிற இடத்தில் அந்தக் கணக்கைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை. டீ ஆர்டர் சொல்லும்போதே தெரிந்துவிடும். "எத்தனை வித்தவுட்?" என்று கேட்பார் கடைக்காரர். "எத்தனை சர்க்கரை?" என்று கேட்பதுதான் அவருக்குச் சுலபம்.

அவர்களில் ஒருவர் என் பழைய சகா. ஃபர்னஸ் பக்கம் இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இனிப்புப் பக்கம் போவதில்லை. பேரன் பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவருக்கு இந்த டீயைப் போட்டுக் கொடுத்தேன். வாய்க்குக் கொண்டு போனவர் நிறுத்தி, "யோவ், சக்கரை போட்டுட்டு போடலன்னு சொல்றியா?" என்றார். இல்லை என்று டப்பாவைக் காட்டினேன், நம்பவில்லை. பத்து நிமிஷம் ஆனது அந்த ஒரு டம்ளரைக் குடிக்க. பாதிக்கு மேல் முகர்ந்துகொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலிருந்து போன் செய்தார். விரலைக் குத்தி மெஷினில் பார்த்திருக்கிறார். "ஏறலய்யா!"

நாலு வருஷம் கழித்து ஒரு மனிதனுக்கு அதிரச வாசனையைத் திருப்பிக் கொடுக்கிற பொருளை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். என் எதிர் ஓட்டுக்கு முதல் காரணம் இது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் முடியாது. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் சாமான். பெருங்காய டப்பா பக்கத்தில் டீத்தூளை வைக்காதே என்று அம்மா சொன்னது சும்மா இல்லை. சீனாக்காரர்கள் இதை வைத்துத்தான் மல்லிகை டீ செய்தார்கள். ராத்திரி மலர்கிற பூவைத் தேயிலையோடு கலந்து வைத்து, வாசனை ஏறியதும் பூவை நீக்கிவிடுவார்கள். இப்போதைய கேரமல், வெனிலா பெரும்பாலும் தெளிப்பு வேலை. வெனிலா என்பது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். கையால் மகரந்தம் சேர்த்தால்தான் தோட்டத்தில் காய்க்கும். சட்டென்று செய்து முடிக்கிற அந்த வித்தையை 1841-ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். அதன் வாசனைக்கு மூலமான வெனிலினை 1874-லேயே ஜெர்மனியில் பைன் மரச் சாற்றிலிருந்து செய்துவிட்டார்கள். இன்று உலகம் முகர்கிற வெனிலாவில் பெரும்பங்கு ஆலையில் செய்ததுதான். சேர்த்த மணம் இயற்கையா செயற்கையா என்று பொட்டலத்தில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

செயற்கை என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. வாசனையைத் தூக்கலாக ஏற்றிவிட்டால் இலை நல்லதா மட்டமா என்று தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. டீயை ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். சூடு போனால் வாசனை அடங்கும், இலை தனியாக நிற்கும். எங்கள் டப்பா ஆறிய பிறகு சுமாராகத்தான் இருந்தது. ஆயிரம் ரூபாயில் இலைக்கு எவ்வளவு, டப்பாவுக்கு எவ்வளவு என்று புரிந்தது.

அந்த இலை சிலோன் இலை. பின்பக்கம் எழுதியிருந்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதில் தொடங்கிய கதை, அதைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிய ஜனங்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியிலும் வால்பாறையிலும் நம் அரசாங்கத்தின் டான்டீ தோட்டங்கள். பலகார வாசனைக்கு அடியில் அந்த இலையும் இருக்கிறது, அதற்குரிய மரியாதையும் வேண்டும் என்பது என் கட்சி.

இலங்கை என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். தொண்ணூறுகளில் கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து எங்கள் மில்லுக்கு பெயிண்டிங் வேலைக்கு வந்தவர். கேன்டீன் டீயைத் தொட மாட்டார். பாலில்லாத வெறும் டீ கேட்டு வாங்குவார், அவர் பாஷையில் 'தேத்தண்ணி'. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பனங்கட்டித் துண்டை எடுத்து ஒரு கடி, ஒரு மிடறு, மறுபடி ஒரு கடி. ஏன் உள்ளே போட்டுக் கலக்கக்கூடாது என்று கேட்டேன். "அண்ணை, உள்ளுக்குப் போட்டா எவ்வளவு போட்டதெண்டு ஆருக்குத் தெரியும்? கையில இருந்தா கட்டி முடியுறது தெரியும்" என்றார். கட்டி முடிந்ததும் மிச்ச டீயை வெறுமனே குடிப்பார். டீ தனி, இனிப்பு தனி. எத்தனையோ டயட் புத்தகங்கள் வந்துவிட்டன, இதைவிட நல்ல உத்தி எதிலும் நான் பார்க்கவில்லை.

இனி நான் நிஜமாகவே ஏமாற்று என்று நினைப்பதைச் சொல்கிறேன். ஜி.என்.டி. ரோட்டில் போனால் பார்க்கலாம், திருவள்ளூர் பஸ் நிலையம் பக்கமும் பார்க்கலாம்: 'நாட்டுச் சர்க்கரை டீ', 'கருப்பட்டி காபி' என்று பலகை. சர்க்கரை நோய்க்காரர்கள் வண்டியை நிறுத்தி இரண்டு க்ளாஸ் குடித்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல், இது நாட்டுச் சர்க்கரை ஆயிற்றே! வெல்லமோ கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ, பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்கு நாடு, வெளிநாடு என்ற பேதம் தெரியாது. திருவள்ளூர் வீரராகவர் கோயிலில் நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள், அமாவாசையன்று கூட்டம் தாங்காது. குளத்தில் கரைக்கும் வெல்லம் குளத்தோடு போகிறது. வெளியே வந்து பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டே க்ளாஸில் கரைக்கும் வெல்லம் எங்கே போகும்?

இதே ரகம்தான் கடைகளில் தொங்கும் ப்ரீமிக்ஸ் சாஷே. அதிலும் கேரமல், ஏலக்காய் என்று படம் போட்டிருக்கும். பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் எடையில் அதிகம், அப்படித்தான் எழுத வேண்டும் என்பது விதி. முதல் பெயரே சர்க்கரை என்றால், அது டெசர்ட் டீ இல்லை, வெறும் டெசர்ட்.

வாங்கியவர்கள் அல்லது பிள்ளைகள் வாங்கி வந்தவர்கள் கவனிக்க: இந்த டீயில் பால் ஊற்றாதீர்கள், வாசனை அமுங்கிவிடுகிறது. பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடு கொடுப்பது நம் சி.டி.சி. தூள்தான். அஸ்ஸாமில் 1930-ல் மெக்கெர்ச்சர் என்பவர் செய்த அந்த மெஷின் இல்லாவிட்டால் நம்ம ஊர் டீக்கடையே இல்லை. அப்புறம், பெயரில் டெசர்ட் இருக்கிறதே என்று சாப்பிட்டு எழுந்ததும் குடிக்க வேண்டாம். டீயில் இருக்கும் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொல்லியிருக்கிறது. சாயந்திரம் நாலு மணிதான் இதற்கு நேரம். நமக்கும் அப்போதுதானே நாக்கு எதையாவது தேடும்.

ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஏலக்காயை உரித்துவிட்டு அந்தத் தோலை டீத்தூள் டப்பாவில் போட்டுவைக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருந்தது, இப்போதும் சிலர் செய்கிறார்கள். ஒரு வாரத்தில் தூள் முழுக்க வாசனை ஏறிவிடும். பாயசத்திலும் கேசரியிலும் ஏலக்காயை முகர்ந்து வளர்ந்த மூக்கு நம்முடையது, கேரமலைவிட இதற்குச் சீக்கிரம் மசியும். மனைவி செய்துவைத்திருக்கிறாள். ஃபர்னஸ் சகாவுக்கு ஒரு பொட்டலம் போனது. மெல்போர்ன் டீதான் ஒரு படி மேல் என்கிறார், ஆனால் இதுவும் போதுமாம்.

டீக்கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். வித்தவுட் கேட்கிறவனை நீங்கள் இரண்டாம்தரமாக நடத்துகிறீர்கள். சர்க்கரைதான் இல்லையே என்று டிக்காஷனிலும் கை வைத்து, வெறும் பாலைக் கழுவி ஊற்றின மாதிரி ஒன்றைக் கொடுக்கிறீர்கள். வித்தவுட் க்ளாஸுக்கு டிக்காஷன் கொஞ்சம் திக்காக, தட்டிப் போட்ட ஒரு ஏலக்காயோடு கொடுங்கள். இரண்டு ரூபாய் கூட வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் நாங்கள் ஆறு பேர் வருகிறோம், அதில் நாலு வித்தவுட்.